கம்பெனி பணத்தில் சூதாட்ட ஆய்வு செய்யலாமா?

கேள்வி: மதுரைப் பக்கத்துக்காரி நான். இங்கிலாந்தில் உளவியலில் பிஎச்.டி. செய்கிறேன். ஆன்லைன் சூதாட்டத்தில் விட்ட காசைப் பிடிக்கத் திரும்பத் திரும்ப ஆடுகிறவர்கள் பற்றிய ஆய்வு. உதவித்தொகை முடியப்போகிறது. ஒரு பந்தய நிறுவனம் கடைசி ஆண்டுச் செலவை ஏற்றுக்கொண்டு, தன் வாடிக்கையாளர்களின் ஆட்டத் தரவையும் தருவதாகச் சொல்கிறது. "எல்லாரும் வாங்குகிறார்கள், நீயும் வாங்கிக்கொள்" என்கிறார் கைடு. என் சித்தப்பா ஆன்லைன் ரம்மியில் நிலத்தை விற்றவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: பணம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், தரவை மட்டும் கேளுங்கள். இரண்டையும் சேர்த்து நீட்டுகிறார்கள் என்பதற்காக இரண்டையும் சேர்த்தே வாங்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

கைடு சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. பிரிட்டனில் ரொம்ப காலமாக இந்த ஆய்வுகளுக்கு வந்த பணத்தில் பெரும்பங்கு சூதாட்ட நிறுவனங்கள் தாமாகக் கொடுத்த நன்கொடைதான். அதில் நல்ல வேலையும் நடந்திருக்கிறது. 2009இல் கேம்பிரிட்ஜில் உளவியல் ஆய்வாளர் லூக் கிளார்க்கின் குழு செய்த ஆய்வு உங்களுக்குத் தெரிந்திருக்கும்: ஸ்லாட் மெஷினில், அதாவது சுழலும் படங்கள் ஒரே வரிசையில் பொருந்தினால் காசு தரும் இயந்திரத்தில், படம் ஒரே ஒரு கட்டம் தள்ளி நின்றுபோகும்போது ஆடுகிறவருக்கு அது எரிச்சலாகத்தான் இருக்கிறது, ஆனால் இன்னொரு தடவை ஆட வேண்டும் என்ற ஆசை கூடுகிறது, ஜெயிக்கும்போது வேலை செய்யும் மூளைப் பகுதிகளும் தூண்டப்படுகின்றன. அந்த ஆய்வுக்கு அரசு ஆய்வுக் கவுன்சிலோடு, தொழில்துறை நன்கொடையில் நடந்த ஒரு அறக்கட்டளையும் பணம் கொடுத்தது. ஆனால் கொடுத்தவருக்கும் ஆய்வு செய்தவருக்கும் நடுவில் ஒரு கவுன்சில் இருந்தது. உங்களுக்கு வந்திருப்பது நேராக ஒரு கம்பெனியின் கையிலிருந்து வருகிறது, நடுவில் யாருமே இல்லை.

யாரும் உங்களிடம் வந்து முடிவை மாற்றி எழுதச் சொல்லப் போவதில்லை, அந்தப் பயம் வேண்டாம். ஆபத்து அதற்கு முன்னாலேயே, எந்தக் கேள்வியைக் கேட்பது என்ற இடத்திலேயே வந்துவிடும். கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரி மானுடவியலாளர் ரெபெக்கா காசிடி தன் குழுவோடு 2014இல் இந்தத் துறை ஆய்வாளர்களிடமே பேசி எழுதிய அறிக்கையைப் படித்துப் பாருங்கள், பணம் கேள்விகளை எப்படி மெல்ல மெல்லத் திருப்புகிறது என்பது புரியும்.

உங்கள் தலைப்பையே எடுத்துக்கொள்வோம். சூதாட்டப் பாதிப்பை அளக்கும் பிஜிஎஸ்ஐ அளவுகோலின் 9 கேள்விகளில் ஒன்று, விட்ட பணத்தை மீட்க இன்னொரு நாள் திரும்பிப் போனீர்களா என்பது. இதை வைத்து "எந்தக் குணமுள்ளவர்கள் இப்படிப் போகிறார்கள்" என்று ஆராய்ந்தால் கம்பெனி சந்தோஷமாகப் பணம் தரும். "ஒருவர் தோற்று எத்தனை நிமிடத்தில் அவருடைய போனுக்கு போனஸ் செய்தி போகிறது" என்று ஆராயக் கேட்டுப் பாருங்கள், தருவார்களா? ஜெயித்த பணத்தைக் கேட்டு விண்ணப்பித்த பிறகும், அது கைக்கு வரும் முன் அதை ரத்து செய்து மறுபடி ஆட விடும் வசதி ஒன்று இருந்தது. விட்டதைப் பிடிக்க ஓடுகிறவரை அது இழுத்துப் பிடித்து உட்கார வைத்துவிடும். 2021இல் பிரிட்டன் சூதாட்ட ஆணையம் அதைத் தடை செய்தது. ஒரு பவுண்டு கட்டி 20 பென்ஸ் திரும்பி வந்தாலும் ஜெயித்ததுபோல் இசையும் வெளிச்சமும் போடுவதையும் ஆன்லைன் ஸ்லாட்டில் நிறுத்தச் சொன்னது. இவையெல்லாம் ஆடுகிறவரின் குணக்கேடா? செய்து வைத்த பொருளின் வேலை. அதைப் பற்றிக் கேட்கிற உரிமையை ஒரு வருடச் செலவுக்காக விட்டுக்கொடுக்காதீர்கள் என்றுதான் மன்றாடிக் கேட்கிறேன்.

சரி, பணத்துக்கு எங்கே போவது? மூன்று வருஷம் முன்பு நீங்கள் இதைக் கேட்டிருந்தால் எனக்கும் பதில் சொல்லத் திண்டாட்டமாக இருந்திருக்கும். இப்போது நிலைமை வேறு. 2022இல் இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ் தன் சூதாட்ட சிகிச்சை மையங்களுக்கு இனி இந்தத் தொழிலின் பணம் வேண்டாம் என்று அறிவித்தது. 2025 ஏப்ரல் முதல் நன்கொடை முறைக்குப் பதிலாக நிறுவனங்கள் கட்டாயமாகக் கட்ட வேண்டிய தீர்வை வந்துவிட்டது, ஆன்லைன் நிறுவனங்களுக்கு வருவாயில் 1.1 சதவீதம். அதில் 20 சதவீதம் ஆய்வுக்கென்றே ஒதுக்கப்பட்டு ஆய்வுகளுக்கு நிதி தரும் அரசு அமைப்பான யூகேஆர்ஐ வழியாகப் போகிறது. அதுவும் அவர்கள் காசுதான், ஆனால் யாருக்குத் தருவது என்று அவர்கள் முடிவு செய்வதில்லை. அந்த நிதியில் நடக்கும் திட்டங்கள் எவை, அவற்றில் உங்கள் வேலைக்கு இடம் உண்டா என்று விசாரியுங்கள். உங்கள் பல்கலைக்கழகத்தில் கடைசி ஆண்டு மாணவர்களுக்கான நெருக்கடி நிதி இருந்தால் அதையும் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

தரவு விஷயத்துக்கு வருகிறேன். கொடுத்தால் வாங்குங்கள், ஆனால் எழுத்தில் நிபந்தனை வேண்டும். வெளியிடும் முன் அவர்களுக்கு ஒரு பிரதி காட்டலாம், தடுக்கும் உரிமை அவர்களுக்கு இருக்கக் கூடாது. எதைச் சோதிக்கப் போகிறீர்கள் என்பதைத் தரவைத் திறக்கும் முன்பே பொதுவில் பதிவு செய்துவிடுங்கள். முக்கியமாக, யாருடைய கணக்குகள் என்று தேர்ந்தெடுப்பது நீங்களாக இருக்க வேண்டும், அவர்கள் பொறுக்கித் தரும் மாதிரி எதற்கும் உதவாது. இதற்கு ஒப்புக்கொள்ளவில்லையா, விட்டுவிடுங்கள். வேறு வாசலும் உண்டு. 2021இல் வெளியான ஒரு ஆய்வு பிரிட்டனின் லாயிட்ஸ் வங்கியில் 65 லட்சம் பேர் வரையிலான, பெயர் நீக்கிய கணக்குகளை வைத்தே செய்யப்பட்டது. சூதாட்டச் செலவு ஏற ஏற ஓவர்டிராஃப்டும் (கணக்கில் இருப்பதற்கு மேல் எடுப்பது) தவணை தவறுவதும் சேர்ந்தே ஏறுவதை அது காட்டியது. ஒரு பந்தயக் கம்பெனியின் தரவில் அந்தக் கம்பெனியில் போட்ட காசுதான் தெரியும், வாடகை கட்டாமல் விட்டது தெரியாது.

சித்தப்பா கதையால் உங்கள் ஆய்வு ஒருபக்கச் சார்பாகிவிடுமோ என்று யாராவது கிளப்பினால் தளர்ந்துவிடாதீர்கள். முறை சரியாக இருந்தால் போதும். உறவினர் பாதிக்கப்பட்டிருப்பதைவிட, சம்பளம் அந்தத் தொழிலிலிருந்து வருவதுதான் பெரிய சார்பு. தமிழ்நாட்டில் நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆன்லைன் பண விளையாட்டு கூடாது என்ற விதியை 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றபோது, சித்தப்பா மாதிரி எத்தனையோ பேர் தூக்கமில்லாமல் ஆடிய இரவுகள்தான் அதற்குப் பின்னால் இருந்தன. ஆகஸ்டில் மத்தியச் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டை மொத்தமாகவே தடை செய்தது. தடை வந்த பிறகு ஆடியவர்கள் விட்டார்களா, வேறு செயலிக்குப் போனார்களா என்பதை ஆராயவும் ஆள் தேவை. பட்டம் முடித்ததும் நீங்கள் யோசிக்கலாம்.

இந்த வாரமே கைடுக்கு மெயில் போடுங்கள். "வேண்டாம்" என்று மட்டும் எழுதாமல், பணமில்லாமல் தரவு மட்டும், மேலே சொன்ன நிபந்தனைகளோடு என்று எழுதி, பல்கலைக்கழகத்தின் ஒப்பந்தப் பிரிவுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். பதில் வரும்வரை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.