பச்சைச் சுவரும் நகத்தில் ஒரு கோடும் – கடிதம்

வணக்கம்.

அடுத்த நாவல் 1860களின் லண்டனில் நடக்கும் இருண்ட கதை, அதில் பேயும் இல்லை கொலைகாரனும் இல்லை, படுக்கையறையின் பச்சை வால்பேப்பர்தான் எல்லாம் என்று அறிவிப்பில் எழுதியிருந்தீர்கள். சுவரில் ஒட்டிய காகிதம் ஆளைக் கொல்லுமா? கரு எங்கிருந்து கிடைத்தது? நானும் இந்த வகையில் ஒரு குறுநாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். விஷம் வரும் கதைகளில் பொதுவாக எங்கே சறுக்குகிறார்கள்?

க.

அன்புள்ள க.,

காகிதம் கொல்லாது, நிறம் கொல்லும். 1775இல் ஸ்வீடன் வேதியியலாளர் ஷீலே செம்பையும் ஆர்சனிக் என்ற நஞ்சையும் சேர்த்து ஒரு பச்சையை உண்டாக்கினார். 1814இல் அதைவிடப் பளிச்சென்ற மரகதப் பச்சை வந்தது. இரண்டும் சுவரில், துணியில், செயற்கைப் பூக்களில் ஏறின. பூச்செய்யும் வேலையிலிருந்த 19 வயது மட்டில்டா ஷூரர் 1861 நவம்பரில் லண்டனில் இறந்தபோது கண்ணின் வெள்ளையும் பச்சையாகியிருந்தது. பார்ப்பதெல்லாம் பச்சையாகத் தெரிகிறது என்று மருத்துவரிடம் சொல்லியிருந்தாள்.

இதை வைத்தே எழுதியிருக்கலாம். ஆனால் இது செய்தி. நாவலின் கரு இதைவிடச் சின்னது: நகத்தில் ஒரு வெள்ளைக் கோடு.

ஆர்சனிக் கணிசமாக உடம்பில் ஏறினால், சில வாரம் கழித்து எல்லா விரல் நகங்களிலும் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு தெரியும். நகம் வளர வளர அது நுனியை நோக்கி நகரும். கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளர்கிறது. கோடு அடியிலிருந்து 6 மில்லிமீட்டர் தள்ளி இருந்தால், விஷம் ஏறியது சுமார் இரண்டு மாதத்துக்கு முன். இரண்டு கோடு, நடுவில் சுத்தமான நகம் என்றால்? நடுவில் இருப்பது என் கதாநாயகி கடற்கரைக்குப் போய் உடம்பு தேறி வந்த நாட்கள். வீடு திரும்பியதும் அடுத்த கோடு.

சாட்சியம் பத்து விரலிலும் எழுதியிருக்கிறது, ஆனால் அதைப் படிக்க ஆள் இல்லை. அந்தக் கோட்டை மருத்துவ உலகம் கவனித்து எழுதியதே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். என் 1860களின் மருத்துவர் அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்கிறார், கோடு அவர் கண்ணெதிரே இருக்கிறது. வாசகருக்குப் புரியும், அவருக்குப் புரியாது. இருட்டு என்று நான் சொல்வது இதைத்தான்.

சுவரிலிருந்து விஷம் எப்படி ஆளிடம் வந்தது என்பதில் கவனம் தேவை. ஈரம் படிந்த பச்சை அறைகளில் எலி நாற்றம் போல ஒன்று வருகிறது என்று ஜெர்மானிய வேதியியலாளர் க்மெலின் 1839லேயே எச்சரித்தார். காகிதத்தை ஒட்டிய மாவுப்பசையில் வளரும் பூஞ்சை ஆர்சனிக்கை வாயுவாக்குகிறது என்று 1890களில் இத்தாலியில் கோசியோ காட்டினார். அந்த வாயு சொல்லப்பட்ட அளவுக்குக் கொடியதல்ல, உதிர்ந்த நிறத்தூளே பெரும் குற்றவாளியாக இருக்கலாம் என்பது பிற்காலத்து மறுப்பு. நான் தூளின் பக்கம். மேசைத் துடைப்பிலும் தலையணை ஓரத்திலும் மெல்லிய பச்சை படிவதை எழுதலாம், வாயுவை எத்தனை பக்கம்தான் எழுதுவது? நாற்றத்தை மழை நாட்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன்.

சறுக்கல்களுக்கு வருகிறேன். கசப்பு வாதுமை வாசனை சயனைடுக்கு உரியது, வெள்ளைப் பாஷாணத்துக்கு, அதாவது பொடியாக விற்ற ஆர்சனிக்குக்கு, வாசனையும் சுவையும் கிடையாது. பூண்டு நெடி அதைச் சுட்டால்தான் வரும். ஒரு வாய் குடித்ததும் ஆள் சாய்வது சினிமா. கொஞ்சம் கொஞ்சமாக ஏறும்போது கண்ணெரிச்சல், தொண்டைப் புண், வயிற்றுக் கோளாறு, பிறகு உள்ளங்கைத் தோல் தடிப்பது, கைகால் மரத்துப்போவது. எல்லாமே வேறு நோய் போலத் தோன்றும். அதுவே எழுத்தாளருக்கு வசதி.

பெரிய சறுக்கல் சோதனைக் காட்சியில். யாரோ குடுவையை ஆட்டினார், விஷம் நிரூபணமானது, முடிந்தது கதை! அன்று புழங்கிய ரெயின்ஷ் சோதனையில், சந்தேகப்பட்ட சரக்கை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு சேர்த்து, பளபளப்பான செம்பைப் போட்டுச் சூடாக்குவார்கள். ஆர்சனிக் இருந்தால் செம்பின்மேல் கருஞ்சாம்பல் படலம் பிடிக்கும். ஆன்டிமனி என்ற வேறொரு தனிமத்துக்கும் செம்பு கறுக்கும், அதனால் படலத்தைத் தனியே சூடாக்கிப் பிரித்தறிய வேண்டும். செம்பே சுத்தமில்லாவிட்டால் எல்லாம் பாழ். 1859இல் ஸ்மெதர்ஸ்ட் கொலை வழக்கில் அதுதான் நடந்தது. புகழ்பெற்ற நிபுணர் டெய்லர் ஒரு பாட்டிலில் ஆர்சனிக் கண்டதாகச் சொன்னார். பாட்டிலில் இருந்த பொட்டாசியம் குளோரேட் அவருடைய செம்பு வலையைக் கரைத்து, செம்புக்குள் இருந்த ஆர்சனிக்கையே வெளியே விட்டிருந்தது. நீதிமன்றத்தில் அவரே ஒப்புக்கொண்டார். மரண தண்டனை பெற்ற ஸ்மெதர்ஸ்டுக்குப் பிறகு மன்னிப்பு கிடைத்தது.

என் மருத்துவர் அந்த வழக்கைச் செய்தித்தாளில் வரிவிடாமல் படித்தவர். ஆகவே தன் செம்புத் துண்டு கறுக்கும்போது அவர் சந்தேகப்படுவது செம்பைத்தான். அதைத் துடைத்து வைத்துவிட்டு, நோயாளியை நன்றாக ஓய்வெடுக்கச் சொல்லி அதே அறைக்கு அனுப்புகிறார்.

அன்புடன்.