வெளிநாட்டில் வேலை செய்யும் பிலிப்பினோக்களுக்கு அவர்களுடைய சங்கம் உண்மையில் என்ன உதவி செய்கிறது?

ஹாங்காங்கை எடுத்துக்கொள்வோம். அங்கே வீட்டுவேலை செய்யும் பிலிப்பினோ பெண்களுக்குப் பெரும்பாலும் ஞாயிறுதான் விடுமுறை. சென்ட்ரல் பகுதியில் சேட்டர் சாலையில் அட்டைகளை விரித்து, கொண்டுவந்த சோற்றைப் பகிர்ந்து சாப்பிடுவார்கள். அந்தக் கூட்டத்தில்தான் ஒருத்தி, வேலை வாங்கித் தந்த ஏஜென்சியின் ரசீதை நீட்டி, "இவ்வளவு வாங்கலாமா ஆத்தே?" என்று கேட்பாள். ஆத்தே என்றால் அவர்கள் மொழியில் அக்கா. முதல் மாதச் சம்பளத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஹாங்காங் ஏஜென்சி வாங்கக் கூடாது என்பது அங்கேதான் அவளுக்குத் தெரியவரும்.

வேலை போனால்தான் பெரிய சிக்கல். ஒப்பந்தம் முறிந்தால் பொதுவாக 2 வாரத்துக்குள் கிளம்ப வேண்டும். 1987 முதல் இதுதான் விதி. சம்பள பாக்கிக்கு வழக்குப் போட்டால் விசாவை நீட்டிக்கக் கேட்கலாம், ஆனால் வழக்கு முடியும்வரை பொதுவாக வேலை பார்க்க முடியாது. கையில் காசில்லாதவள் எங்கே படுப்பாள்? 1986-இல் தொடங்கிய பெத்தூன் ஹவுஸ் காப்பகம் அவளைத் தங்கவைக்கிறது. என் பார்வையில் இதுதான் மிகப் பெரிய உதவி. தங்க இடமில்லாதவளால் வழக்கை நடத்தவே முடியாது.

சம்பளத்தில் ஒரு பகுதியைக் கட்டாயம் ஊருக்கு அனுப்ப வேண்டும் என்ற அன்றைய பிலிப்பைன்ஸ் அதிபர் ஃபெர்டினாண்ட் மார்க்கோஸ் அரசின் உத்தரவை எதிர்த்த போராட்டத்தில், 1985-இல் ஹாங்காங் பிலிப்பினோ சங்கங்களின் கூட்டமைப்பான யூனிஃபில் பிறந்தது. கட்டணம், சம்பளம் குறித்து ஹாங்காங், பிலிப்பைன்ஸ் இரு அரசுகளிடமும் அது இன்றும் வாதாடுகிறது.