24 வயதில் கைத்தடி பிடிக்கச் சொல்லிவிட்டார்கள். இந்தக் கூச்சத்தை எப்படிச் சமாளிப்பது?

நீங்கள் கேட்டது இரண்டு விஷயம். 24 வயதில் கைத்தடியோடு வெளியே போகக் கூசுகிறது, மனம் எப்போது பழகும் என்பது ஒன்று. வேலையிடத்தில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டுமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு என் பதில் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். மனம் பழகட்டும், அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் தடி கதவு மூலையிலேயே கிடக்கும். முதலில் கை பழகும். மனம் பின்னால் வரும், அதுவும் ஒழுங்காக வராது. இரண்டு அடி வந்துவிட்டு ஒரு கல்யாண வீட்டைப் பார்த்ததும் திரும்பி ஓடிவிடும்.

என் கதை சுருக்கமாக. மலேசியாவில், பினாங்கின் ஜெலுத்தோங் பக்கம் குடியிருக்கிறோம். இருபதுகளின் தொடக்கத்தில் எனக்கு லூபஸ் என்று தெரிந்தது. உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய். பெரும்பாலும் இளம் பெண்களுக்குத்தான் வரும். அதை அடக்க ஸ்டீராய்டு மாத்திரை. காப்பாற்றுகிற அதே மாத்திரை, நெடுநாள் சாப்பிட்டால் சிலருக்கு இடுப்பில் வேலையைக் காட்டும். தொடை எலும்பின் உருண்டைத் தலைக்கு ரத்த ஓட்டம் குறைந்து, எலும்பு உள்ளுக்குள்ளேயே செத்துப்போகும். எனக்கு வலது பக்கம். மூட்டு மாற்று அறுவை சிகிச்சை இருக்கிறது. ஆனால் செயற்கை மூட்டும் தேயும். இந்த வயதில் வைத்தால் பின்னால் மறுபடியும் மாற்ற வேண்டிவரும். முடிந்தவரை தள்ளிப்போடலாம் என்றார் டாக்டர். அதுவரை தடி.

தெருவில் போகிறவர்கள் பார்ப்பார்களே என்றுதான் முதலில் பயந்தேன். பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். பசாரில் மீன் விற்கும் மாக்சிக் (மலாய்க்கார அம்மா), காலில் என்ன என்று கேட்டார். சொன்னேன். "காசியான்" (பாவம்) என்று உச்சுக் கொட்டிவிட்டு, கெம்போங் மீன் எத்தனை கிலோ என்று கேட்டார். அவ்வளவுதான். முகம் தெரியாதவர்களுக்கு நம்மைப் பற்றி நினைக்க அரை நிமிடத்துக்கு மேல் நேரமில்லை.

சொந்தக்காரர்கள் வேறு ரகம். அவர்களுக்கு நேரம் நிறைய இருக்கிறது. "இந்த வயசுலயா?" என்பார்கள். யார் கண் பட்டதோ என்பார்கள். இடுப்பு மூட்டு என்று தெளிவாகச் சொன்ன பிறகும் முட்டிக்குத் தடவ ஒரு எண்ணெயை வாங்கிக் கொடுப்பார்கள். இன்னொரு வகை, வாட்ஸ்அப்பில் மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக் போட்டிக் காணொளி அனுப்புகிறவர்கள். 2016-இல் ரியோவில் நம் மலேசிய வீரர் ரிட்சுவான் புசி 100 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வாங்கியது எனக்கும் பெருமைதான். ஆனால் அங்கிள், நான் பசாருக்குப் போய் மீன் வாங்கி வந்தால் போதும். யாரையும் முந்த வேண்டிய அவசியம் எனக்கில்லை.

போன வருடம் ஒரு வரன் வந்தது. ஜாதகம் பார்த்து, பொருத்தம் நன்றாயிருக்கிறது என்று சொன்ன பிறகுதான் வீட்டுக்கு வருகிறோம் என்றார்கள். அன்று காலை அம்மா, "அவங்க வர்றதுக்கு முன்னாடியே நாற்காலியில உட்கார்ந்துடும்மா. எழுந்திருக்கவே வேணாம். தடிய நான் உள்ள வச்சிடுறேன்" என்றார். லூபஸ் பற்றித் தரகரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தோம். ஆக, நோய் தெரிவதில் அம்மாவுக்குச் சங்கடம் இல்லை, தடி தெரிவதில்தான். நான் தடியை நாற்காலிக் கையிலேயே மாட்டிவைத்துக்கொண்டேன். மாப்பிள்ளையின் அம்மா வந்தது முதல் கிளம்பும்வரை அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். கேசரி நன்றாயிருக்கிறது என்பதைக்கூடத் தடியிடம்தான் சொன்னார். மறுநாள் தரகர் போன் செய்தார். ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறதாம்.

கவலைப்படவே இல்லை என்று எழுத ஆசைதான். அழுதேன். அம்மாவும் அழுதார், வேறு அறையில். ஆனால் அடுத்த வரன் பேச்சு வந்தபோது, "நடக்கத் தடி வச்சிருக்கா, அதையும் சொல்லிடுங்க" என்று அம்மாவே தரகரிடம் சொன்னதைக் கேட்டேன். அந்த இடமும் அமையவில்லை, அது வேறு கதை.

எங்கள் வீட்டில் இன்னொரு தடியும் இருக்கிறது, பாட்டியுடையது. டாக்டர் சொல்லி வாங்கியது, பாட்டி தொடுவதே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே சமையலறைக்குப் போவார். ஏன் பாட்டி என்றால், "அதப் பிடிச்சா கிழவின்னு நினைப்பாங்கடி" என்பார். அவருக்கு வயது 82. இதை உங்களுக்குச் சொல்லக் காரணம், வயது ஏறினால் கூச்சம் போய்விடும், நமக்கு மட்டும் சீக்கிரமே வந்துவிட்டது என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். அப்படியெல்லாம் இல்லை.

தடி இல்லாமல் நடக்க முடிகிற நாட்களும் வரும். அதற்குத் தயாராக இருங்கள், ஏனென்றால் அந்த நாட்களில்தான் பேச்சு அதிகம் கேட்க வேண்டிவரும். "நேத்து நல்லாத்தானே நடந்தே?" வலி தினமும் ஒரே அளவில் வராது என்று சொன்னால், தலையை ஆட்டிவிட்டு நம்பாமல் போவார்கள். ஒரு காலத்தில், நன்றாயிருக்கும் நாளிலும் சந்தேகத்துக்குப் பயந்து தடியைத் தூக்கிக்கொண்டு போனேன். இப்போது உடம்பு கேட்டால் எடுப்பேன், கேட்காவிட்டால் இல்லை.

கோயில் தனி விஷயம். தெருவில் ஊன்றிய தடியை உள்ளே கொண்டுவரலாமா என்று வரிசையில் நின்ற ஒரு அம்மா கேட்டார். குருக்கள் எதுவும் சொல்லவில்லை. நான் கால் கழுவும் குழாயில் தடியின் அடி ரப்பரையும் கழுவிவிட்டு உள்ளே போகிறேன். கருங்கல் தரை, வெறுங்கால், ஈர ரப்பர் மூன்றும் சேர்ந்தால் வழுக்கும், அதனால் சின்னத் துண்டு ஒன்று கைப்பையில் இருக்கும். தைப்பூசத்தன்று இன்னும் மோசம். பினாங்கில் ரத ஊர்வலத்தில் உடைக்கிற தேங்காய்க்குக் கணக்கே இல்லை. தண்ணீரும் உடைந்த ஓடுகளுமாகத் தெரு முழுக்கக் கிடக்கும்.

தண்ணீர்மலை முருகனுக்கு 513 படி. சின்ன வயதில் பெரியப்பா பிள்ளைகளோடு போட்டி போட்டு ஏறியிருக்கிறேன். தடி வந்த பிறகு முதல் தைப்பூசத்தில் அவர்கள் எல்லாரும் செருப்பைக் கழற்றி என் பக்கத்தில் வைத்துவிட்டு ஏறிப்போனார்கள். கெட்ட எண்ணமில்லை, "நீ இங்கதானே இருக்கப்போறே" என்றார்கள். நோயின் பெயரைக் கேட்ட அன்று வராத அழுகை, அந்தச் செருப்புக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்தபோது வந்தது. இன்னும் அது சரியாகவில்லை. சரியாகிவிடும் என்று உங்களிடம் சொல்லப்போவதும் இல்லை. அடுத்த வருடம் முதல் அந்த நேரத்தில் தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றப் போய்விடுகிறேன்.

ஊரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜார்ஜ்டவுனில் பழைய கடைகளின் முன்னால் ஓடும் அஞ்சடி (கூரை போட்ட நடைபாதை), வெயிலுக்கும் மழைக்கும் அருமையான ஏற்பாடு. ஆனால் ஒவ்வொரு கடைக்கும் தரை ஒவ்வொரு உயரம், நடுவில் மோட்டார் சைக்கிள், மேஜை, நாற்காலி. லிட்டில் இந்தியாவில் புடவை வாங்கப் போனால் பாதி நேரம் ரோட்டில் இறங்கித்தான் நடப்பேன். பொதுக் கட்டடங்களையும் போக்குவரத்தையும் மற்றவர்களைப் போலப் பயன்படுத்தும் உரிமை உண்டு என்று 2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் சொல்கிறது. மீறினால் என்ன தண்டனை என்றுதான் சொல்லவில்லை. வெளியே போய் அவமானப்பட்டுத் திரும்பும் நாட்களில் இதை நினைத்துக்கொள்ளுங்கள். பாதிக் கோளாறு தரையில் இருக்கிறது, உங்கள் காலில் இல்லை. நீண்டகாலப் பிரச்சினை என்றால் டாக்டரிடம் படிவத்தில் எழுதி வாங்கி, சமூக நல இலாகாவில் ஓகேயு அட்டைக்கு, அதாவது மாற்றுத்திறனாளி அட்டைக்கு, மனு செய்யுங்கள். எனக்கு அந்த அட்டையில் என் படத்தைப் பார்ப்பது தடியை விடக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் உபயோகமானது.

பிசியோவிடம் (இயன்முறை சிகிச்சையாளர்) ஒரு முறையாவது போய்த் தடி பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். நோவுக் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில்தான் பிடிக்க வேண்டும், எனக்கு இடது கை. நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் பிடி மணிக்கட்டு மடிப்பு உயரத்துக்கு வர வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தடியும் நோவுக் காலும் முதலில். உயரம் சரியாக அமைந்தபின் என் முதுகு நிமிர்ந்தது, கண்ணாடியில் பார்க்கவும் கொஞ்சம் தைரியம் வந்தது.

வேலையிடம் பற்றிக் கேட்டீர்கள். நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மேலதிகாரிக்கு மட்டும் முதல் நாள் இரவு செய்தி அனுப்பினேன்: நாளை முதல் தடியோடு வருவேன், வேலைக்குத் தடையில்லை, மீட்டிங் மட்டும் லிஃப்ட் இருக்கும் பக்கம் வைத்தால் உதவியாக இருக்கும். மற்றவர்களுக்கு எதுவும் அறிவிக்கவில்லை. நீங்களும் விளக்கம் எழுதிவைத்துக்கொண்டு போகாதீர்கள், ஒரே வாக்கியம் போதும். கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: "இடுப்பு மூட்டுப் பிரச்சினை, டாக்டர் பார்க்கிறார், சரி, சாப்பிடப் போகலாமா?"