வாசலில் காத்திருந்த நேரத்துக்குச் சம்பளம் உண்டா? பிள்ளை பார்ப்போருக்கான கேள்வி பதில்

இலங்கையின் கிழக்கே, மட்டக்களப்பின் கல்லடியில் 17 வருடங்களாக மற்றவர்களின் பிள்ளைகளைப் பார்த்து வருகிறேன். அதற்கு முன் நான்கு வருடங்கள் குவைத்தில் வீட்டு வேலை. ஸ்கூட்டி ஓட்டத் தெரியும் என்று ஒரு நாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து நீச்சல், நடனம், ரியூசன் என்று ஏற்றி இறக்கும் வேலையும் என் தலையில்தான். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன். பெயர் போடவில்லை, ஊர் மட்டும். மட்டக்களப்பில் பெயரைச் சொன்னால் வீட்டு வாசல்வரை தெரிந்துவிடும்.

ஆரையம்பதி: அக்கா, காலை 7 மணி முதல் மாலை 4 மணி வரை இரண்டு பிள்ளைகளைப் பார்க்கிறேன். மாதம் 18,000 ரூபாய் தருகிறார்கள். சட்டப்படி குறைந்தது எவ்வளவு தர வேண்டும்?

சட்டப்படி என்று கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும், தங்கச்சி. தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் 2016இல் வந்தது. 2025 ஏப்ரலில் அந்தத் தொகையை 27,000 ஆக்கினார்கள். 2026 ஜனவரி முதல் மாதம் 30,000, நாளுக்கு 1,200. ஆனால் வீட்டுப் பணியாளருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஒவ்வொரு தொழிலுக்கும் சம்பளம் நிர்ணயிக்கும் சம்பளச் சபையும் வீட்டு வேலைக்கு இல்லை. நம்மைப் பற்றி இந்த நாட்டில் இருக்கும் பழைய சட்டம் 1871ஆம் ஆண்டு வீட்டு வேலைக்காரரைப் பதிவு செய்வதற்காக வந்தது. பதிவு செய்ய அவசரப்பட்டவர்கள் சம்பளத்தை நிர்ணயிக்க அவசரப்படவில்லை.

சட்டம் பொருந்தாது என்பதற்காக அந்த எண்ணை நாம் பேசக் கூடாது என்று இல்லை. 1,200ஐ எட்டு மணித்தியாலத்தால் வகுத்தால் 150 ரூபாய். நீங்கள் செய்வது ஒன்பது மணித்தியாலம், அதாவது நாளுக்கு 1,350. மாதத்தில் 25 நாள் என்றால் 33,750. அந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய் வையுங்கள். வாயால் கேட்டால் "அடுத்த மாதம் பார்ப்போம்" என்பார்கள், தாளுக்கு அப்படிப் பதில் சொல்வது கொஞ்சம் கடினம்.

கல்லடி, ஒரு தாய்: என் மகளை அரசடியில் நடன வகுப்பில் இறக்கிவிட்டு, முடியும்வரை பிள்ளை பார்ப்பவர் அங்கேயே நிற்கிறார். சும்மா இருக்கும் நேரத்துக்கும் சம்பளமா?

ஆம்.

ஒரு வரியில் சொன்னால் ஏற்க மாட்டீர்கள். போன வருடம் நான் நின்ற நீச்சல் வகுப்பைச் சொல்கிறேன். சுற்றுமதிலுக்கு வெளியே ஒரு வேப்பமரம், கால் உடைந்த ஒரு பிளாஸ்டிக் கதிரை. கழிப்பறை உள்ளே, பெற்றோருக்கு மட்டும். ஒன்றேகால் மணித்தியாலம் அங்கே நிற்க வேண்டும். வீட்டுக்குப் போய்த் திரும்பினால் பெற்றோல் இரட்டிப்பாகும், அதனால் போகவும் முடியாது. சந்தைக்குப் போனால் "பிள்ளைக்கு வயிறு வலிக்கிறது, உடனே வாருங்கள்" என்று அழைப்பு வரும். அந்த நேரம் என்னுடையது அல்ல, உங்களுடையது. உங்களுடைய நேரத்துக்கு நீங்கள்தான் பணம் தர வேண்டும்.

இறக்கிவிட்டு அவர் தன் வீட்டுக்குப் போகலாம், அழைக்க மாட்டேன் என்று நீங்கள் உறுதி சொன்னால் கணக்கு வேறு.

களுவாஞ்சிக்குடி: பெற்றோலுக்கு எவ்வளவு கேட்பது? மாதம் 1,000 ரூபாய் என்று பொத்தாம்பொதுவாகத் தருகிறார்கள்.

ரூபாயில் பேசாதீர்கள், லீற்றரில் பேசுங்கள். விலை மாதாமாதம் மாறுகிறது. ரூபாயில் பேசினால் ஏறும்போது நீங்கள் கேட்க வெட்கப்படுவீர்கள், இறங்கும்போது அவர்கள் மறக்காமல் குறைப்பார்கள்.

என் கணக்கு இது. ஒரு நாள் ஓட்டம் 9 கிலோமீற்றர், வாரத்தில் நான்கு நாள், மாதத்தில் 16 நாள்: 144 கிலோமீற்றர். என் ஸ்கூட்டி லீற்றருக்கு ஏறக்குறைய 40 ஓடும். ஆக 3.6 லீற்றர். டயர், ஒயில், பிரேக், சேர்விஸ் எல்லாம் வானத்திலிருந்து விழுவதில்லை, அதற்கு இன்னும் பாதி. மொத்தம் ஐந்தரை லீற்றர் என்று பேசி முடித்திருக்கிறேன். அந்த மாதம் பெற்றோல் நிலையத்தில் என்ன விலையோ, அதால் பெருக்கித் தருவார்கள். பெற்றோல் பணம் சம்பளத்துக்குள் அடக்கம் என்று யாராவது சொன்னால், உங்கள் சம்பளத்தில் அவர்கள் பிள்ளை நடனம் பழகுகிறது என்று அர்த்தம்.

2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டில், பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர்தான். அந்த நான்கையும் ஊரார் பிள்ளைகளின் வகுப்புக்கு ஊற்றிவிட்டு, என் மகனின் பாடசாலைக்கு அவனை நடக்கவிட்டேன். அதற்குப் பிறகுதான் இந்தக் கணக்கைக் கொப்பியில் எழுதப் பழகினேன்.

காத்தான்குடி: கொப்பி எழுத வேண்டும் என்கிறீர்களே, என்ன எழுதுவது?

40 பக்கக் கொப்பி போதும். "செவ்வாய். 3.10 புறப்பட்டது. 5.40 வீடு. 9 கி.மீ. வகுப்பு 20 நிமிடம் தாமதம்." இவ்வளவுதான். மாதக் கடைசியில் தாயிடம் ஒரு கையெழுத்து வாங்குங்கள். சண்டை பிடிப்பதற்கு இல்லை, சண்டை வராமல் இருப்பதற்கு.

வந்தாறுமூலை, ஒரு ஆசிரியை: நீங்கள் சொல்லும் தொகையைக் கொடுத்தால் என் சம்பளத்தில் பாதி போய்விடும். நாங்கள் என்ன செய்வது?

உங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், ரீச்சர். ஆசிரியர் சம்பளம் எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் தட்டுப்பாட்டை உங்களைவிடக் குறைவாகச் சம்பாதிக்கும் பெண்ணின் தலையில் இறக்கி வைப்பதுதான் இப்போது நடக்கிறது. ஒரு வழி உண்டு. பக்கத்து வீட்டோடு சேர்ந்து ஒரே ஆளை வையுங்கள். ஒவ்வொரு வீடும் முழுச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு கொடுத்தால், உங்களுக்குக் குறைகிறது, அவருக்குக் கூடுகிறது. நாலு வயதுக்குக் கீழே இரண்டு பேருக்கு மேல் ஒருவர் பார்க்க முடியாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது, கோபிக்க வேண்டாம். ஆறு வயதுப் பிள்ளைக்கு வாரத்தில் ஐந்து வகுப்பு தேவையா? இரண்டைக் குறைத்தால் பெற்றோலும் குறையும், பிள்ளையும் மாலையில் மண்ணில் விளையாடும்.

சம்மாந்துறை: மழைக்காலத்திலும் வகுப்புக்குக் கூட்டிப் போகச் சொல்கிறார்கள். மறுக்கலாமா?

மறுத்துவிடுங்கள். 2024 நவம்பரில் காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் மத்ரஸா மாணவர்கள் போன உழவு இயந்திரத்தை இழுத்துச் சென்றதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் பக்கத்து வீதி அது. தண்ணீர் வீதியைத் தாண்டி ஓடினால் எந்த வகுப்பும் இல்லை. முதல் நாளே இதைப் பேசி வையுங்கள்: மழையால் போகாத நாளுக்குச் சம்பளம் வெட்டுவதில்லை. வெட்டுவார்கள் என்ற பயத்தில்தான் பலர் தண்ணீருக்குள் வண்டியை விடுகிறார்கள்.

ஏறாவூர், ஓட்டோச் சாரதி: மூன்று வீட்டுப் பிள்ளைகளை மாதக் கட்டணத்துக்கு ஏற்றுகிறேன். என் வண்டியின் காப்புறுதி தனியார் பாவனைக்கு. பிரச்சினை வருமா?

வரும் தம்பி, விபத்து நடக்கும் அன்று வரும். தனியார் பாவனை என்று எடுத்த காப்புறுதியோடு கூலிக்கு ஓட்டினால், இழப்பீட்டை மறுக்க நிறுவனத்துக்கு நீங்களே காரணம் கொடுக்கிறீர்கள். வாடகைப் பாவனைக்கு மாற்றுங்கள். கூடுதல் தொகையை மூன்று வீட்டாருக்கும் பிரித்துக் காட்டுங்கள்.

ஸ்கூட்டிக்காரப் பெண்களுக்கும் ஒரு வார்த்தை. பின்னால் ஒரு பிள்ளை, அளவான தலைக்கவசத்தோடு. முன்னால் நிற்க வைத்து இன்னொன்று என்பது வேண்டாம். நீச்சல் முடிந்து வரும் பிள்ளை கல்லடிப் பாலம் தாண்டுவதற்குள் காற்றில் தூங்கிவிடும். ஒருமுறை என் முதுகில் தலை சாய்ந்ததை உணர்ந்து வண்டியை நிறுத்தினேன். பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றேன், கை நடுக்கம் நிற்கவில்லை. இப்போது கிளம்பும் முன் ஒரு பிஸ்கட்டும் ஒரு கதையும் கட்டாயம்.

கல்முனை: பகல் பராமரிப்பு நிலையம் ஒன்றில் ஐந்து பேர் வேலை செய்கிறோம். ஈ.பி.எவ். (ஊழியர் சேமலாப நிதி) இல்லை. கேட்கலாமா?

தாராளமாக. வீட்டுக்குள் வேலை செய்பவருக்குத்தான் ஊழியர் சேமலாப நிதி இல்லை. உங்களுடையது தனியார் நடத்தும் தொழில். முதலாளி 12 வீதம், நீங்கள் 8 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி தனியாக 3 வீதம், அதை உங்கள் சம்பளத்தில் வெட்டக் கூடாது. 30,000 என்ற குறைந்தபட்சமும் உங்களுக்கு உண்டு. தொழில் அலுவலகத்துக்கு ஐந்து பேரும் சேர்ந்து போங்கள். தனியாகப் போகிறவர்தான் வேலை இழப்பார்.

வீடுகளில் வேலை செய்பவர்கள் பிரதேச செயலகத்தில் சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டத்தைப் பற்றி விசாரியுங்கள். சுயமாக உழைப்பவர்களுக்கான திட்டம் அது.

திருக்கோவில்: இரண்டு மாதச் சம்பளம் தராமல் நிறுத்திவிட்டார்கள்.

முதலில் மத்தியஸ்த சபை. செலவு ஒன்றும் பெரிதில்லை, சட்டத்தரணி தேவையில்லை. வேலையிலிருந்து நீக்கியது அநியாயம் என்று வாதிட விரும்பினால் தொழில் நியாய சபை இருக்கிறது, ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். கொப்பி இருந்தால் எடுத்துப் போங்கள்.

செங்கலடி: பொலிஸ் தண்டப்பணம் விதித்தால் யார் கட்டுவது?

வேகமாகப் போனால் நீங்கள். அவர்களுடைய வண்டியின் வரிப்பத்திரம் முடிந்திருந்தால் அவர்கள்.

கனடாவிலிருந்து, ஊர் கோட்டைக்கல்லாறு: தங்கையின் பிள்ளைகளைப் பார்க்க ஆள் வைத்திருக்கிறோம், பணம் நான் அனுப்புகிறேன். அங்கே அவருக்கு என்ன செய்யலாம்?

சம்பளத்தை தங்கையின் கையில் கொடுக்காமல் நேரே பிள்ளை பார்ப்பவரின் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். சித்திரைப் புத்தாண்டுக்கு உடுப்பு அனுப்புவதை விட, பாடசாலை விடுமுறை மாதங்களிலும் சம்பளம் நிற்காமல் பார்ப்பது நல்லது. சொக்லேட்டும் அனுப்பலாம், தவறில்லை.

பாண்டிருப்பு: அக்கா, உங்கள் சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் சொல்வீர்களா?

ஏன் சொல்லாமல்? 38,000, அதற்கு மேல் ஐந்தரை லீற்றர். போன மாத லீற்றர் பணம் இன்னும் வரவில்லை. கொப்பியை இன்று மாலை பைக்குள் வைத்திருக்கிறேன், பிள்ளையை இறக்கிவிடும்போது மேசையில் திறந்து வைப்பேன்.