குழி இருக்கிறது, குளம் இல்லை: கான்ட்ராக்டரோடு மல்லுக்கட்டும் வீட்டுக்காரர்களுக்குச் சில பதில்கள்

கட்டட வேலைக்கு வந்து முப்பது வருடம் ஆகிறது. கடைசிப் பத்து வருடமாக நான் கட்டியதைவிட, மற்றவர்கள் பாதியில் விட்டுப்போனதை அளந்து மதிப்புப் போட்டதுதான் அதிகம். நுகர்வோர் ஆணையமோ நீதிமன்றமோ ஒரு வக்கீலை ஆணையராகப் போட்டு இடத்தைப் பார்த்துவரச் சொன்னால், டேப்பும் கையுமாக அவரோடு போகிற இன்ஜினீயர் நான். வக்கீல் இல்லை. சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் அந்தப் பழக்கத்தில் தெரிந்துகொண்டது, நோட்டீஸ் அனுப்பும் முன் வக்கீலிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். நீச்சல் குளத் தகராறு பற்றி மட்டும் கேட்கச் சொல்லியிருந்தேன். இனி கேள்விகள்.

கோவை வாசகி: சார், வீட்டுக்குப் பின்னால் 8 மீட்டருக்கு 4 மீட்டர் குளம். பேசியது 14 லட்சம், இதுவரை கொடுத்தது 11 லட்சம். குழி வெட்டி, கம்பி கட்டி, தரைக்கும் பாதிச் சுவருக்கும் கான்கிரீட் போட்டதோடு சரி. நாலு மாதமாக "அடுத்த வாரம் ஆள் வரும் மேடம்" என்கிறார். வேறு ஆளை வைத்து முடித்துவிடலாம் என்கிறார் என் கணவர். முடிக்கலாமா?

முடிக்கலாம், ஆனால் இந்த வாரம் வேண்டாம். புது ஆள் வந்து ஒரு கம்பியை வெட்டினாலும், பழைய ஆள் எதுவரை செய்தார் என்பதற்கான சாட்சி போய்விடும். நாளைக்கு அவர் "நான் முக்கால்வாசி முடித்துக் கொடுத்தேன், இவர்கள்தான் இடித்தார்கள்" என்பார். அப்படிச் சொன்ன கான்ட்ராக்டர்களை நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒரு பதிவு பெற்ற இன்ஜினீயரையோ மதிப்பீட்டாளரையோ கூப்பிட்டு அளக்கச் சொல்லுங்கள். தரை கனம், சுவர் உயரம், கம்பி விட்டம், கம்பிக்குக் கம்பி இடைவெளி எல்லாம் டேப் தெரிகிற மாதிரி, தேதியோடு படமாக இருக்க வேண்டும். நாலு மாதம் மழையில் நின்ற கம்பியில் மேல் துரு மட்டும் என்றால் பிரஷ் போட்டுத் தேய்த்தால் போதும். செதில் செதிலாக உரிந்தால் வெர்னியர் வைத்து விட்டம் குறைந்திருக்கிறதா பார்க்க வேண்டும். பாதியில் நின்ற சுவரின் மேல் விளிம்பையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பழைய கான்கிரீட்டின் மேல் புதுசு உட்காரும் அந்த இணைப்பில்தான் பின்னால் தண்ணீர் கசியும். அதைச் சரிசெய்யத் தனிச் செலவு உண்டு, அந்தச் செலவும் பழைய ஆளின் கணக்கில்தான் சேர வேண்டும்.

அப்புறம் நோட்டீஸ். "15 நாளுக்குள் வந்து வேலையைத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு உங்கள் செலவில் வேறு ஆளை வைப்பேன்" என்று தெளிவாக இருக்கட்டும். ஒப்புகையோடு தபாலில் ஒன்று, அதே பக்கத்தின் படம் வாட்ஸ்அப்பில் ஒன்று.

கடைசியாகப் பணக் கணக்கு. பலர் தடுமாறுவது இங்கேதான். உங்கள் இடத்தில் செய்திருக்கும் வேலையின் மதிப்பு 5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கொடுத்தது 11, அதனால் 6 லட்சம் திரும்ப வேண்டும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். மீதி வேலையை முடிக்க இன்றைய விலையில் புது ஆள் 10.5 லட்சம் கேட்டால், குளம் உங்களுக்கு மொத்தம் 21.5 லட்சம் ஆகிறது. பேசியது 14. ஆக, நஷ்டம் 7.5 லட்சம். ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவு, ஒப்பந்தத்தை மீறியவர் அதனால் வந்த நஷ்டத்தை ஈடுகட்ட வேண்டும் என்கிறது. இரண்டு கணக்கில் ஒன்றைத்தான் கேட்க முடியும். இரண்டையும் கூட்டிப் 13.5 லட்சம் என்று மனு போட்டால், மனுவின் மேலேயே சந்தேகம் வந்துவிடும். புது ஆளிடமிருந்து எழுத்தில் இரண்டு கொட்டேஷனாவது வாங்கி வையுங்கள்.

மதுரை வாசகர்: எங்களிடம் அக்ரிமெண்டே இல்லை. எல்லாம் வாட்ஸ்அப் பேச்சுதான். கேஸ் நிற்குமா?

நிற்கும். வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான், அதை நிரூபிப்பதுதான் சிரமம். அவர் அனுப்பிய கொட்டேஷன் படம், நீங்கள் "சரி, ஆரம்பிங்க" என்று போட்ட பதில், வங்கி மூலம் போன பணம், இந்த மூன்றும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. உரையாடலை முழுதாக எடுத்து வையுங்கள், வேண்டியதை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள். குரல் செய்திகளையும் தனியே சேமியுங்கள். மின்னணு ஆவணத்துக்கு ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி. வக்கீல் தயாரித்துத் தருவார். அந்த போனை மட்டும் எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள்.

ரொக்கமாகக் கொடுத்திருந்தால் கொஞ்சம் கஷ்டம். இப்போதே "மொத்தம் நான் கொடுத்தது இவ்வளவு, சரிதானே?" என்று ஒரு செய்தி போட்டுப் பாருங்கள். சண்டை முற்றுவதற்கு முன் கேட்டால் பலர் யோசிக்காமல் "ஆமா சார்" என்று போட்டுவிடுவார்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து ஒருவர்: கான்கிரீட் தொட்டி முடிந்து டைல்ஸ் போடும் முன் வேலை நின்றுவிட்டது. மழையில் தொட்டியில் தேங்கிய தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்தோம். இரண்டாம் நாள் ஒரு பக்கம் நாலு அங்குலம் மேலே வந்துவிட்டது! கான்ட்ராக்டர் "இது இயற்கை, நான் பொறுப்பில்லை" என்கிறார்.

உங்கள் தொட்டி மிதந்திருக்கிறது. கான்கிரீட் எப்படி மிதக்கும் என்று கேட்பீர்கள், கணக்கைப் பாருங்கள். உள்ளளவு 8க்கு 4 மீட்டர், ஒன்றரை மீட்டர் ஆழம், தரையும் சுவரும் 20 சென்டிமீட்டர் கனம் என்றால் மொத்த கான்கிரீட் சுமார் 15 கன மீட்டர். எடை ஏறக்குறைய 37 டன். வெளியளவு 8.4க்கு 4.4, அதாவது அடிப்பரப்பு 37 சதுர மீட்டர். வெளியே மண்ணில் நிலத்தடி நீர் தொட்டியின் அடியிலிருந்து ஒரு மீட்டர் ஏறினாலே 37 டன் மேல்நோக்கித் தள்ளும். மண்ணின் பிடிமானம் கொஞ்சம் தாங்கும், அதற்கு மேல் தாங்காது. கடலோர மணலில், ஐப்பசி கார்த்திகையில், தரைக்குக் கீழே 70 சென்டிமீட்டரில் தண்ணீர் நிற்பது அதிசயமே இல்லை.

"இயற்கை" என்ற பதில் இங்கே செல்லாது என்பது என் கருத்து. வடகிழக்குப் பருவமழை வருடா வருடம் வருவது. குளம் கட்டுகிறவர் தரையில் நீரழுத்தம் விடுவிக்கும் வால்வு வைத்திருக்க வேண்டும், அல்லது பக்கத்தில் ஒரு குழி எடுத்து நிலத்தடி நீரை இறைத்திருக்க வேண்டும். குறைந்தபட்சம் "மழைக்காலத்தில் தொட்டியைக் காலி பண்ணாதீங்க" என்று எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். இதில் எதையும் செய்யாதது சேவைக் குறைபாடு. ஆனால் இறைத்தது நீங்கள்தான் என்று அவர் தரப்பு கட்டாயம் சொல்லும். அவர் எச்சரித்தாரா இல்லையா என்பதில்தான் கேஸ் திரும்பும். பழைய செய்திகளை ஒருமுறை தேடிப் பாருங்கள்.

இப்போதைக்கு மேலும் இறைக்காதீர்கள். அதற்காகக் கீழே அழுத்துகிறேன் என்று அவசரமாகத் தண்ணீர் நிரப்பவும் வேண்டாம். அடியில் மணல் புகுந்திருந்தால் சீராக உட்காராமல் விரிசல் விடும். ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் பார்க்கட்டும்.

சேலத்திலிருந்து: போலீசில் புகார் கொடுத்தால் பயந்து வருவார் இல்லையா?

சில பேர் வருவார்கள். ஆனால் வேலையை முடிக்காதது மட்டும் மோசடிக் குற்றம் ஆகாது. ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தது தெரிய வேண்டும். பாதிக் குளம் கட்டியவரிடம் அதைக் காட்டுவது சுலபமில்லை. "சிவில் விவகாரம்" என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்பினால் கோபப்படாதீர்கள். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று அவர் கொடுத்த செக் திரும்பியிருந்தால் விஷயம் வேறு. வங்கியின் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்து 15 நாள் அவருக்கு அவகாசம், அதற்கு மேல் ஒரு மாதத்துக்குள் வழக்கு. இந்த நாள் கணக்கைக் கோட்டைவிட்டு வந்து நிற்பவர்கள் நிறைய.

திருச்சி வாசகர்: நுகர்வோர் ஆணையத்துக்கு எவ்வளவு செலவு? வக்கீல் கட்டாயமா?

கட்டாயம் இல்லை. 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கான்ட்ராக்டர் எந்த ஊராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். மாவட்ட ஆணையம் 50 லட்சம் வரை பார்க்கும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: இந்த 50 லட்சம் நீங்கள் கொடுத்த பணத்தின் கணக்கு, கேட்கும் நஷ்ட ஈட்டின் கணக்கு இல்லை. கட்டணமும் அப்படியே. 5 லட்சம் வரை ஒன்றுமில்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. பிரச்சினை எழுந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். மூன்று மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நான் போய் அளந்த கேஸ் ஒன்றுகூட அவ்வளவு சீக்கிரம் முடிந்ததில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு போடுங்கள்.

அக்ரிமெண்டில் "தகராறு வந்தால் ஆர்பிட்ரேஷன்", அதாவது நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு நடுவர் தீர்ப்பு, என்று ஒரு வரி இருந்தால் பயப்பட வேண்டாம். அது நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதைத் தடுக்காது என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லியாகிவிட்டது.

ஏற்காட்டில் தங்கும் விடுதி நடத்துபவர்: விருந்தினருக்காகக் கட்டிய குளம். நானும் இதே வழியில் போகலாமா?

உங்களுக்கு அந்தக் கதவு மூடியிருக்க வாய்ப்பு அதிகம். வணிக நோக்கத்துக்காக வாங்கிய சேவைக்கு நீங்கள் "நுகர்வோர்" ஆகமாட்டீர்கள். சிவில் நீதிமன்றம்தான், வக்கீலோடு போங்கள்.

சென்னை, ஒரு அடுக்குமாடி குடியிருப்பின் சங்கச் செயலாளர்: பில்டர் விளம்பரத்தில் நீச்சல் குளம் போட்டார். வீட்டுச் சாவி கொடுத்தாயிற்று, குளம் இருக்க வேண்டிய இடத்தில் மணல் குவியல்.

இதுவரை வந்த கேள்விகளிலிருந்து உங்களுடையது வேறு. சொந்த நிலத்தில் கான்ட்ராக்டரை வைத்துக் கட்டியவர்கள் ரெராவுக்கு (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) போக முடியாது, பில்டரிடம் வாங்கிய நீங்கள் போகலாம். சங்கமாகவே புகார் கொடுக்கலாம். திட்டத்தைப் பதிவு செய்தபோது பில்டர் கொடுத்த வசதிப் பட்டியலையும் அனுமதி வரைபடத்தையும் ரெரா தளத்திலிருந்து எடுங்கள். குளம் அதில் இருந்தால் மணலைப் படம் எடுத்து இணைத்தாலே போதும், என்னை மாதிரி ஆள் டேப்போடு வர வேண்டியதில்லை.

திருப்பூரிலிருந்து ஒரு கான்ட்ராக்டர்: எல்லாரும் எங்களையே திட்டறீங்க சார். ஓனர் மூணு தடவை டிசைன் மாத்தினார். ஸ்கிம்மர் குளம்னு பேசி, சுவரெல்லாம் முடிஞ்சப்புறம் ஓவர்ஃப்ளோ வேணும்னார். கூடுதல் காசு கேட்டா "முதல்ல முடி"ங்கிறார். நான் ஆளை எடுத்துட்டேன். நான் செஞ்சது தப்பா?

நீங்கள் எழுதியதில் சந்தோஷம், இந்தப் பக்கமும் வர வேண்டியதுதான். ஸ்கிம்மர் என்றால் சுவரில் உள்ள ஒரு வாய் வழியாக மேல்தண்ணீரை இழுப்பது. ஓவர்ஃப்ளோ என்றால் தண்ணீர் விளிம்பைத் தாண்டி வழிவது, அதற்குச் சுற்றிலும் வாய்க்கால், வழிந்த தண்ணீரைப் பிடிக்கத் தனியாக ஒரு பேலன்சிங் டேங்க், வேறு குழாய் அமைப்பு. அது புதுக் குளம் கட்டுவதில் பாதி வேலை. கூடுதல் காசு கேட்டது நியாயம். ஆனால் சொல்லாமல் ஆளை எடுத்தது தப்பு. "இந்த மாற்றத்துக்கு இவ்வளவு, ஒப்புதல் வந்தபின் தொடர்வேன்" என்று நாலு வரி அனுப்பிவிட்டு எடுத்திருந்தால் வேலையை விட்டு ஓடியவர் என்ற பெயர் வந்திருக்காது. இப்போதும் நேரம் போய்விடவில்லை. ஓனரையும் கூப்பிட்டு வைத்துச் செய்த வேலையை அளந்து, பில் போட்டு அனுப்புங்கள். இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் செய்து, அவர் அனுபவித்த வேலைக்குக் காசு உண்டு. 3 வருடத்துக்குள் சிவில் வழக்குப் போடலாம்.

தஞ்சாவூர் வாசகி: கேஸ் முடியும்வரை குழியைத் தொடக்கூடாது என்றார்கள். தண்ணீர் தேங்கிக் கொசு. பக்கத்து வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

யார் அப்படிச் சொன்னது? அளந்து படம் எடுத்தாயிற்று என்றால் பாதுகாப்புக்குச் செய்வதை யாரும் குறை சொல்ல முடியாது. சுற்றிலும் ஆள் உயரத்துக்கு வேலி, நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி முனைகளுக்கு மூடி, இன்றைக்கே. உங்கள் பக்கம் நிலத்தடி நீர் ஆழத்தில் இருந்தால் தண்ணீரை இறைத்துவிடுங்கள். மேலே இருந்தால் இறைக்காமல் உள்ளாட்சி சுகாதாரப் பிரிவில் சொல்லிக் கொசுப்புழு மருந்து போடச் சொல்லுங்கள். பிள்ளை ஒன்று உள்ளே விழுந்தால் கேள்வி முதலில் வீட்டுக்காரரிடம்தான் வரும், கான்ட்ராக்டரிடம் இல்லை. வேலிச் செலவு ரசீதை எடுத்து வையுங்கள், அதையும் கேட்கலாம்.

கோவை வாசகி மறுபடியும்: சார், நோட்டீஸ் அனுப்பப் போகிறேன் என்று சொன்னதும் இன்றைக்கு அவரே போன் செய்தார். இன்னும் 2 லட்சம் கொடுத்தால் திங்கட்கிழமை ஆள் இறக்குகிறாராம். கொடுக்கலாமா?

அவர் கையில் கொடுக்காதீர்கள். 14இல் 11 கொடுத்தாயிற்று, கையில் இருக்கும் 3 லட்சம்தான் உங்கள் பிடி. அவருக்கு உண்மையிலேயே பணமுடை இருக்கலாம், உங்கள் காசை இன்னொரு சைட்டில் போட்டிருப்பார். இந்தத் தொழிலில் அது சாதாரணம். சிமெண்டு, கம்பி, டைல்ஸ் கடைக்கு நீங்களே நேராகப் பணம் கட்டி, பில்லை உங்கள் பெயரில் வாங்குங்கள். வாரக் கூலியைச் சனிக்கிழமை மேஸ்திரியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். இதெல்லாம் 14 லட்சத்தில் கழியும் என்று ஸ்டாம்ப் பேப்பரில் ஒரு துணை ஒப்பந்தம் போட்டு, அதில் அவரும் கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமை ஆரம்பிக்கட்டும். மறுத்தால் நோட்டீஸ் தபாலில் போகட்டும். சுவர் முடிந்ததும் டைல்ஸ் ஒட்ட விடாதீர்கள். தண்ணீர் நிரப்பி ஏழு நாள் விட்டுப் பாருங்கள். படியில் ஒரு வாளியைத் தண்ணீரோடு வைத்து, வாளியின் உள்ளேயும் குளத்துச் சுவரிலும் கோடு போடுங்கள். வெயிலுக்குப் போவது இரண்டிலும் ஒரே அளவு குறையும். குளத்தில் ஒரு சென்டிமீட்டர் அதிகமாகக் குறைந்தால் 320 லிட்டர் எங்கேயோ போகிறது. அந்த வாரம் மட்டும் அவர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் அசையாதீர்கள்.