நாய்க்குட்டிக்குக் கற்பூரவல்லி கொடுக்கலாமா?

கேள்வி: பண்ருட்டி பக்கம் பலாத்தோப்பு வைத்திருக்கிறேன். காவலுக்கு வளர்க்கும் நாலு மாத நாட்டு நாய்க்குட்டிக்குப் பத்து நாளாக விட்டுவிட்டுக் கழிச்சல். வயிறும் உப்பியிருக்கிறது. கற்பூரவல்லிச் சாறு எவ்வளவு கொடுக்கலாம், ஐயா? மருந்துக் கடைக்காரர் ஒரு டானிக்கும் ஆட்டுக்கான பூச்சி மருந்தும் கொடுத்திருக்கிறார்.

பதில்: ஒரு சொட்டுகூட வேண்டாம். நம் சளிக்குக் கேட்கிற அந்த இலையின் எண்ணெய், நாய்க்கும் பூனைக்கும் வாந்தி, பேதியை உண்டாக்கும். சில சமயம் ரத்தமும் போகும். மாட்டு வயிற்று உப்புசத்துக்கு அரைக்கிற வெங்காயம், பூண்டு உருண்டையையும் குட்டிக்குப் போட்டுவிடாதீர்கள். அவை நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். இப்போதைக்குக் குழைந்த சோறு, வேகவைத்த மஞ்சள் பூசணி, உப்பும் மசாலாவும் சேர்க்காத எலும்பில்லாத கோழிக்கறி, நிறையத் தண்ணீர். அது போதும்.

சரி, கழிச்சல் ஏன் வந்தது? இந்த வயதில், இந்த வயிற்றோடு வந்தால் என் முதல் சந்தேகம் குடற்புழுதான். காலையில் குட்டி மலம் போனதும் குச்சியால் கிளறிப் பாருங்கள். வெள்ளையாக, நீளமாகக் கிடந்தால் உருளைப்புழு. அரிசி மணி போல நெளிந்தால் நாடாப்புழு. மலம் கறுத்துப் பிசுபிசுப்பாக இருந்தால் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தால் கொக்கிப்புழு ரத்தத்தை உறிஞ்சுகிறது. கொக்கிப்புழு தாய்ப்பால் வழியாகவும் வரும், ஈர மண்ணிலிருந்து தோலைத் துளைத்தும் ஏறும். பலா நிழலில் ஈரம் காயாத மண் அதற்கு ரொம்பத் தோது. உங்கள் பிள்ளைகள் அங்கே வெறுங்காலோடு நடக்க வேண்டாம். மலத்தை அன்றன்றே அள்ளிப் புதையுங்கள்.

மலத்தைப் பார்க்காமல், எடை கேட்காமல் மருந்து நீட்டுகிற கடைக்காரர் மருத்துவம் பார்க்கவில்லை, சரக்கு விற்கிறார். ஆட்டுப் பூச்சி மருந்து பெரும்பாலும் அல்பெண்டசோல்; நாய்க்கு அளவு தப்பினால் எலும்பு மஜ்ஜையையே பாதிக்கும். டானிக்கால் ஒரு புழுவும் சாகாது. இரண்டையும் திருப்பிக் கொடுங்கள். குட்டியைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள், அப்புறம் நீங்கள் மட்டும் ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள். அந்த எடையோடும் ஒரு டப்பியில் புது மலத்தோடும் பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள். புதுச்சேரி குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. நாய்க்குரிய புழு மருந்தை ஆறு மாதம் வரை மாதாமாதமும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் கொடுங்கள்.

தடுப்பூசி பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. வாந்தியோடு, துர்நாற்றமடிக்கும் ரத்தக் கழிச்சல் வந்தால் தடுப்பூசி போடாத குட்டிகளைத் தாக்கும் பார்வோ என்கிற வைரஸ் நோயாக இருக்கலாம். காலை வரை காத்திருக்காதீர்கள், உடனே கொண்டுபோய் டிரிப்ஸ் ஏற்ற வேண்டும்.