சந்தா என்ற சொல்

கேள்வி: மாநகராட்சி ஊழியர் சங்கங்கள் உறுப்பினரிடம் சந்தா பிடிப்பதையும் ஊர் நாறும்படி வேலைநிறுத்தம் செய்வதையும் தவிர வேறென்ன செய்திருக்கின்றன? ஊர் மக்களுக்கு அவற்றால் என்ன லாபம்?
– ஈரோடு வாசகர்

பதில்: போகிற போக்கில் நீங்கள் போட்டுவிட்டுப் போன ‘சந்தா’வைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை. இந்தச் சொல்லுக்காக நான் ஏற்கெனவே சண்டை போட்டவன். “சந்தா தமிழே இல்லை, உறுப்பினர் கட்டணம் என்று எழுதுங்கள்” என்று புலவர் நண்பர் ஒருவர் வருடக்கணக்கில் கடிதம் எழுதுகிறார். வெளியிலிருந்து வந்த சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் கட்டணம் என்பது பேருந்தில் கொடுப்பது. இறங்கியதும் உறவு முடிந்தது. சந்தா அப்படியா? மாதாமாதம் கொடுத்து, “நானும் இதில் ஓர் ஆள்” என்று சொல்வது அது. சங்கத்துக்குக் கொடுப்பதும் சந்தா, பத்திரிகைக்குக் கட்டுவதும் சந்தா. இந்த இரண்டு சந்தாவும் ஒரே போராட்டத்தில் சந்தித்த ஊர் ஒன்று உண்டு: அமெரிக்காவில், டென்னசி மாநிலத்து மெம்பிஸ்.

1968 பிப்ரவரி 1. நல்ல மழை. எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள் குப்பை லாரியின் பின்பக்கம் ஒதுங்கினார்கள். குப்பையை நசுக்கி உள்ளே தள்ளும் இயந்திரம் பழுதாகித் தானாக ஓடியது. இருவரும் அதில் சிக்கி இறந்தார்கள். நகராட்சி அந்தக் குடும்பங்களுக்குக் கொடுத்தது ஒரு மாதச் சம்பளமும் அடக்கச் செலவுக்கு 500 டாலரும். மணிக்கணக்குக் கூலி ஆட்கள் என்பதால் விபத்து இழப்பீடு கிடையாது.

பிப்ரவரி 12 அன்று சுமார் 1,300 பேர் வேலைக்குப் போகவில்லை. ஏறக்குறைய எல்லோரும் கறுப்பின ஆண்கள். வீடுகளின் கொல்லைப்புறத்துக்குப் போய்க் குப்பையைத் தொட்டியில் அள்ளி, தலையிலோ தோளிலோ தூக்கி வந்து லாரியில் கொட்டுவது அவர்கள் வேலை. தொட்டி ஓட்டையாக இருக்கும். அழுகல் தண்ணீர் கழுத்து வழியாக முதுகில் இறங்கும். வீட்டு வாசலிலேயே உடுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். முழுநேரம் உழைத்தும் அரசாங்க உதவி வாங்கிப் பிழைத்த குடும்பங்கள் அவற்றில் நிறைய.

இப்போது சந்தாவுக்கு வருகிறேன். சங்கத்தைக் கட்டிய டி.ஓ.ஜோன்ஸ் அதே வேலை பார்த்தவர். 1963-இல் சங்கம் அமைக்க முயன்றதற்காக அவரோடு சேர்த்து 33 பேரை வேலையிலிருந்து நீக்கினார்கள். பிறகு நகர ஊழியர்களின் தேசியச் சம்மேளனத்தில் கிளையாகப் பதிவானபோது அந்த 33 பேர் நினைவாக 1733 என்ற எண்ணை வாங்கிக்கொண்டார்கள். ஆனால் சந்தாவைக் கையில் வசூலிக்க வேண்டியிருந்தது. கொடுப்பவன் யார் என்று மேலாளர் கண்ணில் பட்டால் வேலை போகும். அதனால்தான் சம்பளத்திலேயே பிடித்தம் செய்து சங்கத்துக்கு அனுப்புங்கள் என்று கேட்டார்கள். மேயர் ஹென்றி லோப் கூலி உயர்வைப் பற்றியாவது பேசுவார், இதற்கு மட்டும் இறங்கி வரவே மாட்டார். பிடித்தம் தொடங்கிவிட்டால் சங்கம் நிலைத்துவிடும் என்று அவருக்குத் தெரியும். நீங்கள் அலட்சியமாகச் சொன்ன அந்தச் சந்தாவுக்காகத்தான் ஐயா அந்த 65 நாள் போராட்டத்தில் பெரிய இழுபறி.

ஊர் மக்களுக்கு என்ன சம்பந்தம் என்கிறீர்கள். பிப்ரவரி 22 அன்று தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் நகர மன்றக் கூடத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். பசி வேளை. ரொட்டியும் இறைச்சித் துண்டுகளும் வந்து இறங்கின. உறுப்பினர்களின் அந்தக் கூடத்திலேயே பெண்கள் சாண்ட்விச் செய்து பரிமாறினார்கள். மறுநாள் மன்றம் கைவிரித்தது. ஊர்வலமாகப் போனவர்கள் முகத்தில் போலீஸ் கண் எரிச்சல் மருந்தைத் தெளித்தது. போதகர்கள் மீதும்தான். அன்றோடு அது குப்பை அள்ளுபவர்களின் போராட்டம் என்பது போய், கறுப்பின மெம்பிஸ் முழுவதற்குமான போராட்டமாகிவிட்டது. தேவாலயங்கள் காணிக்கை திரட்டிச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் கொடுத்தன. கடைத்தெருவுக்குப் போவதில்லை என்று மக்கள் முடிவெடுத்தார்கள். அதோடு ஊரின் இரண்டு நாளிதழ்களையும் வாங்குவதில்லை என்று தீர்மானித்தார்கள். அதிலொன்று கறுப்பினத்தாரைக் கேலி செய்யும் ‘ஹேம்போன்’ சித்திரத்தைப் பல்லாண்டுகளாகப் போட்டுவந்தது. ஏழைகளின் சங்கச் சந்தாவுக்காக வாசகர்கள் பத்திரிகைச் சந்தாவை நிறுத்தினார்கள்! பத்திரிகை நடத்துகிற நான் இதைப் படித்தபோது எழுந்து நின்றுவிட்டேன். ஒரு நாளிதழ் அப்படி நடந்தால் வாசகர் செய்ய வேண்டியது அதுதான். அந்தச் சித்திரம் அதே ஆண்டு நின்றது.

இந்த ஒற்றுமையைக் கட்டியவர்களில் முதன்மையானவர் ஜேம்ஸ் லாசன் என்ற மெதடிஸ்ட் போதகர். கொரியப் போருக்கு ஆள் சேர்க்கையை மறுத்துச் சிறை சென்றவர். 1953 முதல் மூன்றாண்டுகள் நம் நாக்பூரில் ஹிஸ்லாப் கல்லூரியில் வேலை பார்த்து, காந்தியின் சத்தியாகிரகத்தைப் பயின்றவர். பேருந்தில் இனப்பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பினத்தார் நடத்திய மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்புச் செய்தியையும் நாக்பூரில் ஒரு செய்தித்தாளில்தான் முதலில் படித்தார். மார்ட்டின் லூதர் கிங்கை மெம்பிஸுக்கு அழைத்தவர் அவரே. நம் பாடப்புத்தகங்களில் லாசனுக்கு ஒரு பத்தியாவது வேண்டும் என்று இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன்.

மார்ச் 28 ஊர்வலத்தில் தொழிலாளர்கள் ஏந்திய அட்டையைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். ‘ஐ ஏம் எ மேன்’. நடுவிலுள்ள ‘ஏம்’ அடிக்கோடிட்டிருக்கும். அறுபது வயதுக்காரரையும் ‘பாய்’, அதாவது பையன், என்று கூப்பிட்ட ஊருக்கு அவர்கள் சொன்ன பதில் அது. தமிழில் எல்லோரும் ‘நான் ஒரு மனிதன்’ என்று எழுதுகிறார்கள். கோடு விழுந்த அந்தச் சொல்லே அதில் இல்லை. ‘நான் மனிதன்தான்’ என்று எழுதினால்தான் அந்தக் கோட்டின் அழுத்தம் தமிழில் வரும். நம் வீடுகளில் காலையில் விசில் சத்தம் கேட்டதும் “குப்பை வந்திருக்கு” என்று உள்ளே குரல் கொடுக்கிறோமே, அப்போதெல்லாம் எனக்கு அந்த ‘தான்’ நினைவுக்கு வரும். குப்பை நம் வீட்டில் இருக்கிறது. வாசலில் வந்து நிற்பது ஒரு பெண்.

அந்த ஊர்வலத்தில் கலவரம் மூண்டு, லாரி பெய்ன் என்ற 16 வயதுப் பையனைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அமைதியான ஊர்வலம் ஒன்றை நடத்திக் காட்ட கிங் திரும்ப வந்தார். ஏப்ரல் 4 மாலை விடுதி மாடியில் அவரையும் சுட்டார்கள். நான்கு நாள் கழித்து, கணவரை இன்னும் அடக்கம் செய்யாத நிலையில், கொரெட்டா கிங் பிள்ளைகளோடு வந்து அந்த ஊர்வலத்தை நடத்தினார்.

ஏப்ரல் 16 அன்று உடன்பாடு. சங்கத்துக்கு அங்கீகாரம், மணிக்கு 10 சென்ட், பிறகு 5 சென்ட் உயர்வு. சந்தா? தொழிலாளர்களின் கடன் சங்கத்துக்கென்று சம்பளத்தில் பிடிப்பது, அங்கிருந்து அது தொழிற்சங்கத்துக்குப் போவது என்று சுற்றுவழி கண்டார்கள். சுற்றிப் போனாலும் சந்தா போய்ச் சேர்ந்தது. பின்னாளில் நகர மருத்துவமனை ஊழியர்களும் அதே 1733-இல் சேர்ந்தார்கள். ஊருக்கு என்ன லாபம் என்று அவர்களிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

சங்கம் எல்லாவற்றையும் சாதித்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நகராட்சி ஓய்வூதியம் அந்தத் தொழிலாளர்களுக்கு வாய்க்கவில்லை. அது பெரிய குறை. 1968-இல் போராடியவர்களில் உயிரோடு இருந்தவர்களுக்குத் தலா 50,000 டாலர் கொடுக்க மெம்பிஸ் நகரம் 2017-இல்தான் முடிவெடுத்தது. அவர்களில் சிலர் அப்போதும் நகராட்சியில் துப்புரவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.